வெறுங்கதிரைக்குப் பொரித்த மீன்

ஒக்டோபர் 13, வெள்ளி. லுசாக்கா

இவர் கந்தோரிலிருந்து ஓர் அழைப்பிதழோடு வந்தார். தடித்த அட்டை, தங்க எழுத்து, மேலே கழுகு. அமெரிக்கத் தூதரகத்தைக் காவல் காக்கும் மரைன் படையினர் வருடாவருடம் நடத்தும் பிறந்தநாள் நடன விருந்தாம். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். படைக்காம். வயது இருநூற்று நாற்பத்தெட்டு. இந்த வயதிலும் கேக் வெட்டுகிறார்கள், அதுவும் வாளால்.

இவரின் மேலதிகாரி டெபரா பத்துப் பேர் இருக்கும் ஒரு மேசையையே வாங்கிவிட்டார். ஒரு சோடி கடைசி நேரத்தில் கழன்றுவிட்டது. சாம்பியாவில் கிணறு தோண்டும் நிறுவனத்தின் கணக்காளரும் மனைவியும் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

"ஆமிக்காரன்ர விருந்துக்கு நாங்களோ?" என்றேன்.

"உது வேற ஆமியப்பா."

யாழ்ப்பாணத்தில் பிறந்து நாற்பத்தாறு வயதான ஒருத்திக்கு, ஆமியில் வேற ஆமி என்று ஒன்று இருப்பது இன்றைக்குத்தான் தெரியவருகிறது.

கிளிநொச்சியிலிருந்து சுபாஜினி குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். நீளமானது. ஆறுதலாகக் கேட்கலாம்.

ஒக்டோபர் 15, ஞாயிறு

கேட்டேன். கேட்டுவிட்டு அலுமாரியில் இருந்த சீலைகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உதறி, திரும்ப மடித்து வைத்தேன்.

சுபாஜினி என் தம்பி பகீரதனின் மனைவி. 2009இல், சண்டையின் கடைசி மாதங்களில், அம்மாவுக்கு மருந்து தேடி யாருடையதோ உழவு இயந்திரத்தில் ஏறிப் போனான் பகீ. வரவில்லை. செத்தான் என்று சொன்னவரும் இல்லை, கண்டேன் என்று சொன்னவரும் இல்லை. கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுக்கு அப்போது இருபத்து நான்கு. அதன் பிறகு என் அம்மாவோடேயே இருந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, போன வருடம் கொள்ளிக்கு ஆள் பிடித்ததும் அவள்தான்.

"மச்சாள், உங்களிட்டை ஒண்டு கேக்கோணும். கோவிக்கக் கூடாது. இஞ்சை சங்கக்கடையில வேலை செய்யிற ஒருத்தர், தயாபரன் எண்டு பேர். மனுசி செத்து நாலு வருசம். என்னைக் கேட்டு ஆள் விட்டிருக்கிறார். நல்ல மனுசன். எனக்கு… எனக்கும் விருப்பம்தான் மச்சாள். ஆனால் உங்கட தம்பியின்ர பக்கத்தில இப்ப நீங்கள் ஒராள்தான். நீங்கள் ஓம் எண்டால் செய்யிறன். இல்லையெண்டால் இல்லை."

இடையில் ஒரு சேவல் கூவுகிறது.

நான் ஓம் என்றால் பகீ இல்லை என்று ஆகிவிடும். நான் இல்லை என்றால் அவள் இன்னும் முப்பது வருடம் அந்த வீட்டைக் கூட்டிக்கொண்டு இருப்பாள். இப்படி ஒரு கேள்வியைச் சேவல் சத்தத்தோடு கைபேசியில் அனுப்பியிருக்கிறாள்.

"இங்கே பெரிய விருந்து ஒன்று வருகிறது, உடுப்பு, நடனம் என்று ஆயிரம் வேலை. அது முடியட்டும், பேசுவோம்" என்று எழுதி அனுப்பினேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் கிடைத்திருக்கிறது. அமெரிக்கப் படைக்கு நன்றி.

ஒக்டோபர் 19, வியாழன்

இவரின் கலியாணக் கோட்டு வயிற்றுக்கு மேல் பூட்ட மறுக்கிறது. கோட்டு சுருங்கிவிட்டது என்கிறார்.

ஒக்டோபர் 22, ஞாயிறு

வளர்மதி வீட்டில் நடனப் பயிற்சி. கரூரிலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். இந்த விருந்துக்கு ஒரு வருடமும் தவறாமல் போய்வருபவர். இந்த முறை பேறுகாலம் பார்க்க மகளிடம் போவதால் வரவில்லை. அந்தக் கவலையை எனக்கு வகுப்பெடுத்துத் தீர்த்துக்கொள்கிறார்.

"வாசல்ல பெரிய ஆபீசருங்க வரிசையா நிப்பாங்க. கை குடுத்தமா, நகர்ந்தமான்னு இருக்கோணும். நின்னு ஊர்க்கதை பேசக் கூடாதுங்க. அவங்க சொல்ற வரைக்கும் ஒக்காரக் கூடாது. வாளைத் தொடக் கூடாது."

"மூச்சு விடலாமோ?"

"அது டிக்கெட்டுலயே சேந்ததுதானுங்க."

பிறகு அவர் ஆண்பிள்ளையாக நின்று என் இடுப்பைப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சோபாவைச் சுற்றி இரண்டு முறை வந்தோம். வேலைக்கு வரும் மேரி பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்ச் சிரித்தாள்.

"ஏனுங்க லோஜினி, தரையவே பாத்துட்டு ஆடறீங்க? கண்ணிவெடி கிண்ணிவெடி கெடக்குதா?"

"பழக்கம்," என்றேன்.

வளர்மதி சட்டென்று கையை விட்டார். பிறகு நான் சிரிக்கிறேனா என்று பார்த்து, நிச்சயப்படுத்திக்கொண்டு, தானும் சிரித்தார். மசால்வடை நன்றாக இருந்தது.

ஒக்டோபர் 24, செவ்வாய்

இங்கே சுதந்திர தினம், விடுமுறை. பக்கத்து வீட்டில் காலையிலிருந்து இறைச்சி வாட்டும் புகை.

சுபாஜினி வீட்டு முன்விறாந்தையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். புதிதாக வெள்ளையடித்திருக்கிறாள், அதைக் காட்டத்தான். சுவரில் பகீயின் படம். மாலை இல்லை, விளக்கு இல்லை. அம்மா இருந்தவரை விடமாட்டார். வீட்டில் திவசம் என்ற சொல்லையே சொல்ல விடமாட்டார். வருடா வருடம் தீபாவளிக்கு அவன் உடுக்கவென்று ஒரு புதுச் சாரம் வாங்கி, மணம் போகாமல் அலுமாரியில் வைப்பார். வயதானவர்களோடு யார் வாதாடுவது.

நான் அப்படியெல்லாம் இல்லை. இங்கே சந்தையில் எப்போதாவது நல்ல சட்டை கண்டால் வாங்குவேன். ஒன்றிரண்டு இவருக்கு அளவு பிழைத்துப்போனது. பதினைந்தரைக் கழுத்து. இவருக்குப் பதினேழு. தூக்கி எறிய மனம் வராமல் மேல்தட்டில் கிடக்கின்றன.

நவம்பர் 2, வியாழன்

கறுப்புக் கோட்டும், கழுத்தில் குருவி மாதிரிக் கட்டும் 'போ' டையும் வாடகைக்கு எடுத்தாயிற்று. கலியாணத்துக்கும் சாவுக்கும் இதே கோட்டைத்தான் கொடுப்பதாகக் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். முகர்ந்து பார்த்தேன். கடைசியாகப் போனது கலியாணமாக இருக்காது.

நவம்பர் 5, ஞாயிறு

முதல் மழை. ஈசல் வீடு நிறைய. மேரி சட்டி கொண்டுவந்து விளக்கின் கீழ் வைத்து அள்ளினாள், பொரிக்க. எனக்கும் கொஞ்சம் தந்தாள். உப்பும் மொறுமொறுப்புமாக, மோசமில்லை.

இவர் இறக்கைகளைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"சுபாஜினிக்கு என்ன சொன்னனீர்?"

"விருந்து முடியட்டும் எண்டு."

"விருந்துக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்தக் கழுத்துக் குருவியைக் கட்டத் தெரியுமோ உங்களுக்கு? முதல் அதைப் பழகுங்கோ."

இவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருடமாக இதுதான் இவரிடம் எனக்குப் பிடித்த குணம். சில நாட்களில் பிடிக்காததும் இதுதான்.

நவம்பர் 8, புதன்

இந்த முறை குரல் பதிவு இல்லை. நேரடியாகவே எடுத்துவிட்டாள். நான் சீலைச் சட்டைக்குக் கொளுக்கி தைத்துக்கொண்டிருந்தேன்.

"மச்சாள், வேலையோ?"

"சட்டை தைக்கிறன். ஒரு கொளுக்கியும் இருக்கிற இடத்தில இல்லை. இந்த ஊர்த் தையல்காரருக்கு எங்கட முதுகு விளங்காது."

"ம்."

"நீ சாப்பிட்டியோ?"

"ஓம். மச்சாள், நான் உங்களைக் கரைச்சல்படுத்துறன் எண்டு நினைக்கிறன். நான் அவைக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடுறன். நீங்கள் யோசிக்காதேங்கோ."

"நான் வேண்டாமெண்டு சொன்னனானோ?"

"இல்லை. ஓம் எண்டும் சொல்லேல்லை."

ஊசி விரலில் ஏறிவிட்டது. அதைச் சாட்டாக வைத்து, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரத்தம் ஒரு துளிதான். சனிக்கிழமை வரை ஒன்றும் சொல்லிவிடாதே என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

அவள் கோபித்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

நவம்பர் 11, சனி

பின்னேரம் நான்கு மணி. நீலக் காஞ்சிபுரம். குதி உயர்ந்த செருப்பு. குருவியை இவரின் கழுத்தில் நான்தான் கட்டினேன். பரிசாரகர் மாதிரி இருக்கிறார். சொல்லவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

காலையில் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஹோட்டல் வாசலில் தடுப்புப் போட்டிருந்தார்கள். துப்பாக்கியோடு இரண்டு பேர். யாரும் கேட்காமலே இவர் ஊர்ச் சோதனைச்சாவடிப் பழக்கத்தில் காரின் முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கினார். நான் கைப்பையைத் திறந்து மடியில் வைத்து, இரண்டு கைகளும் தெரியும்படி இருந்தேன். காவலாளி குனிந்து பார்த்து, உள்ளே ஏதாவது தொலைந்துவிட்டதா, டோர்ச் வேண்டுமா என்று கேட்டான். இல்லை என்றோம். கடந்து போன பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மண்டப வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு மரைன் எனக்குக் கதவைத் திறந்து, தலை குனிந்து வரவேற்றான். சீருடைக்காரன் ஒருவன் கதவை உதைக்காமல் திறந்ததை முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

வரிசையில் கை கொடுத்தோம். கர்னலின் நெஞ்சில் பெட்டிக்கடை வாசலில் ஷாம்பு பைக்கற்று தொங்குவது போலப் பதக்கங்கள். ஊர்க்கதை பேசவில்லை, நகர்ந்துவிட்டேன். வளர்மதிக்குச் சொல்ல வேண்டும்.

உட்காருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். தட்டுகளில் பொரித்த மீன் துண்டு வந்தது. டெபரா இவரை யாருக்கோ அறிமுகப்படுத்த இழுத்துக்கொண்டு போய்விட்டார். கடதாசித் துணியில் இரண்டு மீன் துண்டோடு நான் மண்டபத்தைச் சுற்றினேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்ட மேசை இருந்தது. வெள்ளை விரிப்பு, ஒரே ஒரு கதிரை, சிவப்பு ரோசா ஒன்று, கொளுத்தின மெழுகுதிரி, ஒரு தட்டு. தட்டில் எலுமிச்சந் துண்டும் கொஞ்சம் உப்பும். கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

பார்த்தவுடனே விளங்கிவிட்டது. செத்த ஒருவருக்குப் படைத்திருக்கிறார்கள். விளக்கு வைத்து, பூ வைத்து, எலுமிச்சை உப்பு வரை வைத்துவிட்டுச் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள். இருநூற்று நாற்பத்தெட்டு வருடமாகப் படை நடத்துகிறவர்களுக்கு ஒரு எட்டுச் செலவு செய்யத் தெரியவில்லை. எங்கள் ஊரில் எட்டாம் நாள் படையலுக்கு மீன், இறைச்சி, செத்தவர் குடிகாரர் என்றால் ஒரு போத்தல் என்று இலை நிரம்பியிருக்கும். இவர்கள் ஒரு மனிதனை உப்பை நக்க விட்டிருக்கிறார்கள்.

என் கையில் மீன் இருந்தது. வைத்தேன். பொரித்த மீனென்றால் அவனுக்கு உயிர். குவளையை நிமிர்த்தி, பக்கத்து மேசைக் கூசாவிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். விக்குமல்லவா.

அவ்வளவுதான். போய் என் இடத்தில் நின்றுகொண்டேன். மனம் ஏனோ சுகமாக இருந்தது. பசி என்று நினைத்தேன்.

கொடி வந்தது, பாட்டு வந்தது. பிறகு விளக்கைக் குறைத்து அந்த மேசை மேல் மட்டும் வெளிச்சம் போட்டார்கள். ஒரு இளம் சார்ஜன்ட், இருபத்தைந்து வயது இருக்காது, ஒலிவாங்கியில் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினான். இந்த மேசை போரில் காணாமல் போனவர்களுக்கானது. எலுமிச்சை அவர்களின் கசந்த விதி. உப்பு, காத்திருக்கும் குடும்பங்களின் கண்ணீர். மெழுகுதிரி, அவர்கள் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை.

காணாமல் போனவர்கள். செத்தவர்கள் இல்லை.

"தட்டு வெறுமையாக இருக்கிறது," என்றவன் தட்டைப் பார்த்தான். மண்டபமே பார்த்தது. இரண்டு மீன் துண்டுகள் வெளிச்சத்தில் மினுங்கின. "குவளை கவிழ்ந்திருக்கிறது," என்றான். குவளை நிமிர்ந்து, விளிம்பு வரை நிரம்பியிருந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, "வழக்கமாக," என்று சேர்த்தான். நல்ல பிள்ளை. எனக்கென்றால் வாய் அடைத்துப் போயிருக்கும்.

விளக்குகள் வந்ததும் அவன் மேசை மேசையாக விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்தான். யாரோ நீலச் சீலை என்று சொல்லியிருக்க வேண்டும். டெபராவின் முகம் ரோசா நிறம். இவர் முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றேன்.

"பரவாயில்லை மேடம். அது ஓர் அடையாளம். அவர்களால் நம்மோடு சாப்பிட முடியாது. அதனால்தான் வெறும் தட்டு."

"எங்கள் ஆட்கள் சாப்பிடுவார்கள்."

"யாருக்காக வைத்தீர்கள்?"

"என் தம்பிக்கு."

"காணாமல் போனவரா, மேடம்?"

"இல்லை," என்றேன். "செத்துப்போனான்."

ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் அது சின்ன வசனம், சட்டென்று வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சார்ஜன்ட், அப்படியென்றால் அது அங்கேயே இருக்கட்டும் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு சாப்பாடு வந்தது. இறைச்சி வேகவில்லை. வாளால் கேக் வெட்டினார்கள். அந்த வாளை யார் கழுவுவார் என்று டெபராவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

நடனத்துக்கு எல்லோரும் எழுந்த நேரம் இவரைக் காணவில்லை. பார்த்தால், அந்த வட்ட மேசையடியில் நிற்கிறார். சாவுவீட்டுக் கோட்டும் குருவியுமாக. நான் போனேன்.

"என்ன செய்யிறியள்?"

"படைச்சதை ஆரும் குப்பையில போடுறதோ? நாங்கள்தான் தின்னோணும்."

ஒரு துண்டை என்னிடம் தந்தார். மற்றதைத் தான் வாயில் போட்டார். ஆறிப்போய், எண்ணெய் உறைந்து, முள்ளும் இருந்தது. நின்றபடியே, படை மேளம் முழங்க முழங்க, இரண்டு பேரும் மென்று விழுங்கினோம். இவரின் கண் கலங்கியிருந்தது. முள் என்றார்.

டெபரா ஓடிவந்து, பின்னால் இன்னும் நிறைய மீன் இருக்கிறது, கேட்டால் கொண்டுவருவார்கள் என்று எங்கள் இருவரின் தோளையும் தட்டினார். கணக்காளருக்கு அடுத்த வருடம் சம்பளம் கூட்டினாலும் கூட்டுவார்.

ஆடினோம். இவர் என் காலை மிதித்தார். நான் தரையைப் பார்க்காததால் எனக்குத் தெரியாமல் நானும் மிதித்தேன்.

நவம்பர் 12, பின்னேரம்

தலை முழுகி, வடை சுட்டு, கறி ஆக்கி, இனிச் செய்ய ஒரு வேலையும் இல்லை என்ற பிறகு கிளிநொச்சிக்கு எடுத்தேன்.

"மச்சாள்! விருந்து எப்பிடி?"

"சாப்பாடு சரியில்லை. சுபா, நீ செய்."

"என்னத்தை?"

"கலியாணத்தை. ஓம் எண்டு சொல்லு அவைக்கு. பகீ வரமாட்டான்."

அவளின் குரல் வேறு மாதிரி வந்தது.

"ஏதும் தகவல் வந்ததோ? மச்சாள், ஆரும் சொன்னவையோ? ஆரையும் கண்டனீங்களோ?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளையடித்து, மாப்பிள்ளைக்கு விருப்பம் சொல்லிவிட்டு இருக்கிறவள், அந்த ஒரு நொடியில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடத் தயாராக நின்றாள். நான் மட்டும்தான் அவனுக்குச் சட்டை வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"இல்லையடி. தகவல் ஒண்டும் இல்லை. இனியும் வராது. நானாத்தான் சொல்லுறன்."

"நீங்களாச் சொல்லுறியளோ?"

"ஓம். அவன்ர தமக்கை சொல்லுறன்."

அழுதாள். நான் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது ஆறும் வரை அவள் அழுதாள். நானும் என்ன, சும்மா இருக்கவில்லை.

கடைசியில் மூக்கைச் சீறிவிட்டுக் கேட்டாள்:

"தையில வைக்கலாமெண்டு கேட்டவை. என்ர பக்கத்தில நிக்க ஒருத்தரும் இல்லை மச்சாள். அம்மாவும் இல்லை, மாமியும் இல்லை."

"நான் வாறன்."

"நீங்கள் எப்பிடி… நீங்கள் அவரின்ர அக்கா. சனம் என்ன சொல்லும்?"

"சனம் சொல்லட்டும். போன முறை நான் மாப்பிளையின்ர தமக்கை, மரியாதைக்கு வாய் திறக்காமல் நிண்டனான். இந்த முறை பொம்பிளைப் பக்கம். எனக்குச் சண்டை பிடிக்க நிறையக் கிடக்கு."

"அவை நல்ல சனம், மச்சாள்."

"அதை நான் வந்து பாத்துச் சொல்லுறன்."